ஏட்டிலிருந்து அல்பம் வரை: மட்டக்களப்பு வாவிக்கரையில் குடும்ப நினைவைப் பேணிய வழக்கு

குடும்பத்தின் அன்றாட வாழ்வையும் பண்டிகைகளையும் மறைந்தோரின் நினைவையும் படம், கடிதம், அச்சுத் துணுக்கு, கைக்குறிப்பு ஆகியவற்றால் ஓர் ஏட்டில் ஒட்டித் தொகுக்கும் பழக்கத்துக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட வரலாறு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையொப்பமும் வாசகமும் வாங்கிச் சேர்த்த நட்பேடுகளில் தொடங்கி, எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873இல் காப்புரிமை பெற்ற பசைபூசிய பக்கங்களைக் கொண்ட ஏட்டின் வழியாக, 1900இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் ஒரு டாலருக்கு விற்ற பிரவுனி ஒளிப்படக் கருவி வரை அந்த வரலாறு நீள்கிறது. மட்டக்களப்பு வாவியின் கரைகளில் இப்பழக்கம் கடையில் வாங்கிய அலங்காரத் தாள்களோடு கூடிய பொழுதுபோக்காக வேர்கொள்ளவில்லை. ஆயினும் அது செய்யும் காரியம், அதாவது யார் யாருக்குப் பிறந்தார், எந்தச் சடங்கில் யார் நின்றார், இறந்தவருக்குச் செய்யவேண்டியவை எவை என்பவற்றை ஒரு பொருளில் பதித்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் காரியம், இங்கு ஒளிப்படத்துக்கும் அச்சுக்கும் மிக முற்பட்டது. உரிமையோடும் கடனோடும் அது பிணைந்திருந்தமையும், அதன் காவல் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தமையும் இப்பிரதேசத்தின் தனித்தன்மைகளாகும்.

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அண்டிய பகுதி வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்கு இணையாகக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயல்களும் குளங்களும் காடும் பரந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர்; ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் அப்பெயர்களில் அடங்கியுள்ளன. தமிழ் இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்க மற்றும் மெதடிஸ்த கிறிஸ்தவர்கள், போர்த்துக்கேய ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் ஆகியோர் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்துவரும் இந்நிலப்பரப்பின் தென்பகுதி 1961இல் அம்பாறை என்னும் புதிய மாவட்டத்துக்குள் சென்றது. எனினும் உறவு, சடங்கு, வழக்காறு ஆகியவற்றை நோக்குமிடத்து அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையிலான பகுதியை வாவிப் பிரதேசத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

இப்பிரதேசத்தில் ஒருவருடைய குடும்ப அடையாளம் குடி என்னும் தாய்வழிப் பிரிவினால் அமைகிறது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடியினர் தமக்குள் மணம் செய்தல் விலக்கப்பட்டது. ஒரு தாய் வயிற்று வழியில் வந்த நெருங்கிய உறவினர் வயிற்றுவார் எனப்படுவர். தமிழருக்கு மட்டுமன்றி இப்பகுதி முஸ்லிம்களுக்கும் குடிமுறை உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் இடம்பெறும் மரைக்காயர்கள் குடிவழியாகத் தெரிவுசெய்யப்பட்டு வந்தனர். இந்துக் கோயில்களில் ஆண்டுத் திருவிழாவின் நாள்கள் குடிகளுக்குப் பங்கிடப்பட்டுள்ளன. கோயில் உடைமைக்குப் பொறுப்பான வண்ணக்கர் பதவியும், முன்னீடு எனப்படும் முன்னுரிமையும், பூசை முடிவில் மரியாதைப் பொருளாக வழங்கப்படும் காளாஞ்சியும் குடியின் உரிமைகள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் போன்ற பெருங்கோயில்களில், எந்தக் குடி எந்த வரிசையில் நிற்பது என்பது பலர் முன்னிலையில் ஆண்டுதோறும் உறுதிசெய்யப்படுவதால், தன் தாயின் தாய் எந்த வீட்டில் பிறந்தவர் என்பதை அறியாத குடும்பம் சபையில் தன் இடத்தை நிறுவ முடியாது. இங்கு குடும்ப வரலாறு வழக்காடு பொருள். ஏக்கத்துக்குரிய கடந்தகாலம் என்பது அதற்குப் பின்னர் ஏறிய பொருள்.

ஆகவே பரவணி எனப்படும் வம்ச வரலாறுகள் ஏடுகளில் எழுதிப் பேணப்பட்டன. நாடுகாட்டுப் பரவணிக் கல்வெட்டு, சீர்பாதர் கல்வெட்டு முதலியவை இவ்வகையின. இவற்றின் பெயரில் கல்வெட்டு என்னும் சொல் நின்றாலும் இவை கல்லில் வெட்டப்பட்டவை அல்ல. குடிகளின் வருகையையும் பணிகளையும் மரியாதைகளையும் கூறி, கோயிலோடு தொடர்புபடுத்தி ஓலையில் எழுதி வைக்கப்பட்ட ஆவணங்கள். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இத்தகைய ஏட்டு மரபின் தொகுப்பாகவே அமைந்தது, வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ அம்மரபை ஊர் வழக்காறுகளுடன் இணைத்துப் பேசியது. வரலாற்று ஆசிரியர்கள் இவ்வேடுகளின் காலக்கணிப்பை ஐயத்துடன் நோக்குவது நியாயமே. ஆனால் ஒரு குடும்பம் தன்னைப் பற்றி எதை நினைவில் வைக்கவேண்டும் எனக் கருதியது என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அந்த நோக்கில் இவை போதிய அளவு படிக்கப்படவில்லை.

சொத்துரிமையின் வரலாறும் இங்கு கவனத்துக்குரியது. மூதாதையர் வழிவந்த சொத்தாகிய முதுசொம் தாய்வழியில், ஆணிடமிருந்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும் முறையைக் கொண்டிருந்த, முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே 1876இல் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அம்முறைக்குச் சட்ட வலுவை இல்லாமற் செய்தது. சட்டம் போனபின்னும் சொத்து பெண்வழியே செல்லும் போக்கு சீதனத்தின் வடிவில் தொடர்ந்தது. மகளுக்குத் திருமணத்தின்போது வீடும் வளவும் எழுதிக் கொடுக்கப்பட, மணமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதே வழமையாயிற்று. 1969இல் அக்கரைப்பற்றில் களஆய்வைத் தொடங்கி 2008இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தாய்வழிக் குடியும் சீதன வீடும் சேர்ந்து இயங்கும் இந்த ஒழுங்கைத் தமிழர், முஸ்லிம்கள் என்னும் இரு சாராரிடத்தும் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

சீதன வீடு குடும்ப நினைவின் வரலாற்றில் பெறும் இடம் பெரிது. ஆண்மக்கள் மணம் முடித்து வேறு வீடுகளுக்குப் போக, தாயும் பெண்மக்களும் அதே வளவிலோ அயல் வளவிலோ தங்கிவிடுவதால், வீட்டின் பெட்டகத்தில் உள்ளவை தாயிடமிருந்து மகளுக்கே இயல்பாகச் சென்றன. பெட்டகம் என்பது தடித்த பலகையாற் செய்த பெரிய பேழை; பிற்காலத்தில் அதன் இடத்தைத் தகரத்தாலான றங்குப் பெட்டி பிடித்துக்கொண்டது. பிள்ளைகளின் சாதக ஓலைகள், காணி உறுதிகள், கூறைச் சேலை, திருமண அழைப்பிதழ், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, வெளியூரிலிருந்து வந்த கடிதங்கள், பின்னாளில் ஒளிப்படங்கள் என அடுக்கடுக்காகச் சேர்ந்த அப்பெட்டியை ஒட்டப்படாத ஒரு நினைவேடு என்று கொள்ளலாம். மகனின் படமும்கூட அவன் வாழும் மனைவி வீட்டில் இருப்பதைக் காட்டிலும் தாய் வீட்டில் முழுமையாகக் கிடைப்பதற்கு இந்த ஒழுங்கே காரணம்.

எழுத்தில் வைக்கப்பட்ட குடும்பக் குறிப்புகளுள் மிகப் பரவலானது சாதகம். பிறந்த நாழிகை, நட்சத்திரம், கிரகநிலை ஆகியவை ஓலையிலும், பின்னர் கொப்பியிலும் எழுதப்பட்டன. நாள், நட்சத்திரம், திதி பார்ப்பதற்கு வீட்டில் வைத்திருந்த பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பிறப்பும் இறப்பும் குறிக்கப்படுவதுண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களில் இதே வேலையை வேதாகமத்தின் முதற்பக்கங்களும் கோயிற் பதிவேடுகளும் செய்தன. 1814இல் மட்டக்களப்புக்கு வந்து மறு ஆண்டிலேயே மறைந்த வெஸ்லியன் மிசனரி வில்லியம் ஓல்ட் தொடக்கிவைத்த பாடசாலை இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியாகவும், 1873இல் தோன்றிய கத்தோலிக்கப் பாடசாலை புனித மிக்கேல் கல்லூரியாகவும் வளர்ந்தபோது, எழுத்தறிவோடு பதிவேடு, பரிசுப் புத்தகம், ஆண்டு மலர், வகுப்புக் குழுப்படம் ஆகியனவும் வீடுகளுக்குள் வந்தன. பறங்கியரிடையே குடும்ப நினைவு கூடுதலாகப் பாட்டில் தங்கியது: திருமணங்களில் ஆடிப்பாடிய இலங்கைப் போர்த்துக்கேய மொழிப் பாடல்களின் கையெழுத்துப் பிரதிகளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியியற் சேவை அதிகாரியான ஹியூ நெவில் திரட்டினார்; அவை இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

பண்டிகைகளும் பருவச் சடங்குகளும் வாவிக்கரையில் நினைவின் நாட்காட்டியாக இயங்கின. தைப்பொங்கலும், மருத்துநீர் தேய்த்து முழுகிப் பெரியோரிடம் கைவிசேடம் பெறும் சித்திரைப் புத்தாண்டும் உயிரோடிருப்போரின் உறவை ஒழுங்குபடுத்தின. ஆடி அமாவாசையும் சித்திரா பூரணையும் இறந்தோருக்குரியவை. தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தோர் சித்திரா பூரணையிலும் விரதம் காப்பர். அமிர்தகழியிலுள்ள மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பெருந்திரளாக மக்கள் கூடுவதற்கு, கோயிலின் பெருமைக்கு மேலாக, இந்தப் பிதிர்க்கடனே காரணமாகும். கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் திகதி சகல ஆத்துமாக்கள் தினத்தில் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுவதும், முஸ்லிம் வீடுகளில் இறந்த 40ஆம் நாள் கத்தம் ஓதி உணவளிப்பதும் இதே வகையான கடன்களே. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறந்து குளிர்த்தி பாடும் சடங்கு ஊர் முழுவதற்கும் உரியது. எனினும் நேர்கடன் வைத்த குடும்பம் அதை ஆண்டுதோறும் நிறைவேற்ற வேண்டியிருப்பதால், ஒரு பிள்ளையின் நோயும் பிழைப்பும் அந்த வீட்டில் குளிர்த்தியோடு சேர்த்தே நினைவுகூரப்படும். வெளிநாட்டில் வாழ்வோர் ஊருக்கு வரும் காலத்தைக் கோயிற் சடங்கை வைத்துத் தீர்மானிப்பதும், அல்பங்களில் சடங்குப் படங்கள் மிகுந்திருப்பதும் இதன் விளைவுகள்.

கூத்தும் இத்தொடரில் சேர்க்கத்தக்கது. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளைப் பழக்கும் அண்ணாவியார், பாட்டும் தாளமும் எழுதிய ஏட்டையும் கொப்பியையும் தம் வழித்தோன்றல்களிடம் விட்டுச் செல்வார். எந்த ஆண்டு எந்தக் கூத்து ஆடப்பட்டது, அரங்கேற்றத்தில் யார் அருச்சுனன், யார் கட்டியகாரன் என்பது ஊரின் கால அளவையாகவே பயன்பட்டது. ஒருவரது வயதை ‘இன்ன கூத்து ஏறிய வருசம்’ என்று கணக்கிடும் முறை, பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறைக்குப் போதுமானதாயிருந்தது.

ஒளிப்படம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இலங்கைக்கு வந்துவிட்டபோதிலும், முதலில் அது குடியேற்ற அதிகாரிகள், தோட்டத்துரைமார், நகரச் செல்வர் ஆகியோரின் வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. வாவிக்கரையில் அது போடியார் எனப்படும் பெருநில உடைமையாளர், முதலியார், ஆசிரியர், குருமார் ஆகியோர் வீடுகளின் முன்மண்டபச் சுவரில் சட்டமிட்ட படமாக முதலில் இடம்பெற்றது. அதன் தோரணை எங்கும் ஒன்றுதான்: தீட்டப்பட்ட பின்திரை, பூச்சாடி வைத்த முக்காலி, கதிரையில் ஆண், அருகே நின்ற நிலையில் பெண், சிரிப்பில்லாத முகம். ஒளிப்பட நிலையங்கள் புளியந்தீவு நகரிலும் கல்முனையிலும் பெருகிய பின்னரே படுவான்கரைக் குடும்பங்கள் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் காலத்தில் தோணியேறி வந்து படம் எடுக்கும் நிலை உருவாயிற்று. படத்தின் நான்கு மூலைகளையும் தாள் மூலைகளில் செருகிக் கறுப்புத் தாளில் பதிக்கும் அல்பம், வெள்ளை மையினால் எழுதிய தலைப்பு, பக்கங்களுக்கு இடையே ஒட்டாமலிருக்க வைத்த மெல்லிய தாள் ஆகியவற்றோடு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆசிரியர் குடும்பங்களில் காணப்பட்டது. படச்சுருளும் படத்தாளும் இறக்குமதிப் பொருள்கள் என்பதால், 1970 தொடக்கம் 1977 வரையான கடும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் படம் எடுத்தல் சுருங்கியது. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் வண்ணப் படமும், பசை தடவிய அட்டையில் பிளாஸ்டிக் தாள் மூடிய அல்பமும் பரவின. பழைய கறுப்புத் தாள் அல்பத்தை விட இது பல வகையில் கேடு: பசையின் அமிலமும் பிளாஸ்டிக்கின் ஆவியும் படத்தின் நிறத்தை அரிக்க, பிய்த்தெடுத்தால் படம் கிழிகிறது.

அல்பங்களில் இடம்பெறும் நிகழ்வுகள் அளவாகவே உள்ளன: குழந்தையின் 31ஆம் நாள், ஏடு தொடக்குதல், சாமத்தியச் சடங்கு எனப்படும் பூப்பு நீராட்டு, திருமணம், கோயில் திருவிழா, சாவு. அன்றாடம் என்று கூறத்தக்கவை, அதாவது வலை உலர்த்துவது, நெல் அவிப்பது, பாய் இழைப்பது, கிணற்றடியில் பாத்திரம் கழுவுவது போன்றவை ஏறத்தாழ முற்றாக இல்லை. விலை கொடுத்து எடுக்கும் படத்தில் வேலை செய்யும் உடையோடு நிற்பது இழுக்கெனக் கருதப்பட்டதே இதற்குக் காரணம். வாவிக்கரையின் உழைப்பைக் காட்டும் படங்கள் பெரும்பாலும் வெளியாரால் எடுக்கப்பட்டவை. அவற்றில் முகம் உண்டு, பெயர் இல்லை. இதற்கு மாறாக, இன்றைய வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடியதாக, சாவீட்டுப் படங்கள் தாராளமாக உள்ளன: வெள்ளை கட்டிய மண்டபத்தில் உடலைச் சூழக் குடும்பத்தினர் வரிசையாக நின்று எடுத்த படம் பல வீடுகளில் அக்குடும்பம் முழுவதும் ஒன்றாகத் தோன்றும் ஒரே படமாக இருக்கிறது.

அல்பம் வாங்க வசதியற்றவர்களுக்கு அரசே ஒரு படத்தைக் கட்டாயமாக்கியது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1970களில் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கியதும், வாழ்நாளில் ஒளிப்பட நிலையத்தின் படியேறியிராத முதியோர், கூலிவிவசாயிகள், மீனவர் ஆகியோருடைய முகங்கள் முதன்முறையாகப் பதிவாகின. அவர்கள் இறந்தபின் அந்தச் சிறு படமே பெரிதாக்கப்பட்டு, பழுதான இடங்களில் கையால் தீட்டப்பட்டு, மாலையிட்டுச் சுவரில் மாட்டப்பட்டது. கண்காணிப்புக்கென்று எடுத்த படம் வழிபாட்டுக்குரிய படமாக மாறிய இந்த நிகழ்வு இலங்கையின் சமூக வரலாற்றில் தனி ஆய்வுக்குரியது.

ஒட்டி வைக்கும் ஏட்டுக்கு மிக நெருங்கிய தமிழ் வடிவம் அச்சில் வந்த நினைவு மலராகும். யாழ்ப்பாணத்தில் வலுப்பெற்று மட்டக்களப்பிலும் பரவிய இச்சிறு நூல், கல்வெட்டு என்றும் வழங்கப்படும். ஓலைப் பரவணிகளின் பெயரை அச்சு நூல் ஏற்றுக்கொண்டதில் முரண் ஏதுமில்லை, இரண்டும் பிறந்த குடும்பத்தையும் செய்த பணியையும் சபையறியப் பதிப்பவை. இறந்த 31ஆம் நாளன்று, மட்டக்களப்பில் அமுது எனப்படும் படையலும் உறவினருக்கான உணவும் இடம்பெறும் நாளில், வந்தோர் கையில் இது கொடுக்கப்படும். அமைப்பு ஏறத்தாழ நிலையானது: முகப்பில் இறந்தவரின் படம், இறந்த திதியை மறவாதிருக்கச் செய்யுளில் தரும் திதி வெண்பா, தேவாரம், திருவாசகம் முதலியவற்றிலிருந்து ஓதற்குரிய பகுதிகள், பிறப்பு, கல்வி, தொழில், மணம், மக்கள் என நகரும் வாழ்க்கைக் குறிப்பு, மனைவி அல்லது கணவர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஒவ்வொருவர் கூற்றாகவும் அமைந்த புலம்பற் பாக்கள், அதிபர், கோயில் அறங்காவலர், உடன்பணியாற்றியோர் ஆகியோரின் இரங்கலுரைகள், வம்சாவளி மரம், இறுதியில் நன்றி நவிலல். சிலவற்றில் கவச நூல்களும் வீட்டு வைத்தியக் குறிப்புகளும் சேர்க்கப்பட்டிருப்பது, நூலைப் பெற்றவர் அதை வீசிவிடாமல் பூசையறையில் வைத்துக்கொள்ளட்டும் என்னும் நடைமுறை அறிவின் வெளிப்பாடு.

இப்பாக்களில் பெரும்பாலானவை ஊரிலிருந்த தமிழாசிரியராலோ புலவராலோ கேட்டெழுதப்பட்டவை. அழும் மகளின் குரல் யாப்புத் தெரிந்த வேறொருவரின் கையால் விருத்தமாகிறது. ஆகவே இவற்றை வைத்துத் தனிமனிதத் துயரை அளவிட முயல்வது பயன் தராது. கிழக்கின் ஒப்பாரி மரபு இதற்கு நேர்மாறானது: பெண்கள் தாமே கட்டிப் பாடும் அப்பாட்டில் இறந்தவர் உழுத வயலும் வாங்கிவந்த பண்டமும் பட்ட கடனும் வரும், அச்சு மலரில் அவை வருவதில்லை. நினைவு மலரின் வேறொரு குறை, குடியைப் பற்றிய அதன் மௌனம். ‘இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும்’ என்று தொடரும் மரண அறிவித்தலின் வாய்பாட்டையே பின்பற்றும் இந்நூல்களில், கோயிலில் காளாஞ்சி பெறுவதற்கு ஆதாரமாயிருந்த தாய்வழிக் குடிப்பெயர் பொதுவாக இடம்பெறுவதில்லை. தந்தை பெயரை முன்னிறுத்தும் அச்சு மரபு, தாய்வழியில் இயங்கிய சமூகத்தின் வாழ்க்கைக் குறிப்பைத் தன் அச்சில் வார்த்துவிட்டது. வசதி படைத்தோரும் அரச ஊழியரும் ஆண்களுமே இதில் மிகுதியாக நினைக்கப்பட்டுள்ளனர் என்பதையும் கூறவேண்டும். இத்தனை குறைகளோடும், ஓர் ஊரின் 20ஆம் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகுவோருக்கு இச்சிறு நூல்களுக்கு நிகரான மூலங்கள் குறைவு.

மாணவர் நடுவே பரவிய ஆட்டோகிராப் ஏடு இதனினும் எளிமையானது. பாடசாலையை விட்டுப் பிரியும் வேளையில் வண்ணத்தாள் கொண்ட சிறு கொப்பியில் தோழரும் ஆசிரியரும் வாழ்த்து வரிகளை எழுதிக் கையொப்பமிடும் இவ்வழக்கம், முன்னர் குறிப்பிட்ட ஜெர்மன் நட்பேட்டின் நெடுந்தொலைவு உறவாகும். ஆங்கிலக் கல்வியின் வழியே இங்கு வந்தது. நாளிதழில் வந்த மரண அறிவித்தலை வெட்டி வைத்தலும், பொங்கல் வாழ்த்து அட்டைகளைச் சேர்த்தலும், திருமணத்தில் அச்சிட்டு வாசித்த வாழ்த்துப்பாவைச் சட்டமிட்டு மாட்டுதலும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

இவையனைத்தையும் வைத்திருந்த வீடுகளின் தட்பவெப்பம் தாளுக்கு உகந்ததன்று. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரிலிருந்து சனவரி வரை நீடிக்க, வாவியின் ஈரமும் கடலின் உப்பும் சேர்ந்து படத்தின் மேற்பூச்சில் பூஞ்சணத்தை வளர்க்கின்றன. கறையானும் இராமபாணப் பூச்சியும் எஞ்சியதை உண்கின்றன. ஓலைக்கு எண்ணெய் பூசி வெயிலில் காட்டும் பழைய பராமரிப்பு முறை இருந்தது. ஒளிப்படத்துக்கு அப்படியொரு முறையை எவரும் கற்பிக்கவில்லை. 1957 டிசம்பர் வெள்ளமும், 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் வீடுகளின் கூரையோடு பெட்டிகளையும் கொண்டுபோயின. நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற அச்சூறாவளிக்குப் பின், முதியோர் பேச்சில் ‘சூறாவளிக்கு முந்தியது’ என்பது இழந்த ஆவணங்களுக்கான பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது.

போர்க்காலம் இழப்புக்கு வேறொரு வடிவம் தந்தது. 1990 நடுப்பகுதியிலிருந்து கிழக்கில் நிகழ்ந்த சுற்றிவளைப்புகளும் இடம்பெயர்வுகளும் படத்தையே ஆபத்தான பொருளாக்கின. ஆயுத இயக்கத்தில் சேர்ந்த பிள்ளையின் முகம் உள்ள படத்தைக் குடும்பங்கள் எரித்தன அல்லது போத்தலில் அடைத்துப் புதைத்தன. அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் கொல்லப்பட்டனர்; சன்னங்கள் பதிந்த சுவர்ப்பகுதி நினைவாக விடப்பட்டுள்ளது. அடுத்த மாதத்தில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரும், சத்துருக்கொண்டானில் மாண்டோரும் உள்ளிட்ட எண்ணற்றோரின் குடும்பங்களுக்கு எஞ்சிய படம் சான்றாவணமாக மாறியது. முறைப்பாட்டு மனுவோடு இணைக்கவும், ஆணைக்குழு முன் நீட்டவும், வீதிப் போராட்டத்தில் நெஞ்சோடு பிடிக்கவும் தாய்மார் அதே படத்தைப் பல தடவை பிரதியெடுத்தனர். பட்ரீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலாளர் 1990களில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் ஆராய்ந்ததுபோல, காணாமற்போனவரின் கதியை அறிய மக்கள் தெய்வமேறியோரிடம் வாக்குக் கேட்டனர். இறந்தாரா என்பது உறுதியாகாதபோது 31ஆம் நாளும் இல்லை, நினைவு மலரும் இல்லை. அவ்வீடுகளில் சுவரிலுள்ள படத்துக்கு மாலை போடாமலிருப்பது தெரிந்தே எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையின் நெடுகிலும் வீடுகளைத் துடைத்தழித்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மெல்லிய மணல்திட்டாகக் கிடந்த நாவலடி முற்றாக அழிந்து, எஞ்சியோரிற் பலர் திராய்மடுவில் குடியேற்றப்பட்டனர். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அப்பேரழிவில் இறந்தவரோடு அவரது படமும் போனமையால், உறவினர் வீடுகளிலிருந்த திருமண அல்பங்களில் பின்வரிசையில் நின்ற முகத்தை வெட்டிப் பெரிதாக்கி நினைவுப்படம் செய்யவேண்டியதாயிற்று. ஆறாண்டுகளின் பின் 2011இல் யப்பானைத் தாக்கிய பேரலைக்குப் பிறகு, மியாகி மாகாணத்து யமமோத்தோ நகரில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து மீட்ட ஏறத்தாழ 7,50,000 படங்களைக் கழுவி, எண்ணிமமாக்கி உரியவர்களிடம் சேர்க்க முயன்றனர். இங்கே உயிர்பிழைத்தோரின் உணவும் உறைவிடமும் முதற்கவலையாயிருந்தன. இடிபாடுகளோடு படங்களும் வாரி அகற்றப்பட்டன. அந்த ஒப்பீட்டில் குற்றங்காண இடமில்லை. ஆனால் படம் நிவாரணத்துக்கு உட்பட்ட பொருள் என்ற எண்ணமே திட்டமிடுவோரிடம் இருக்கவில்லை என்பது பதியப்படவேண்டியது.

இன்று நினைவு மலர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் வண்ணத்தில் அச்சாகின்றன. சாமத்தியச் சடங்கின் அல்பம் கனத்த அட்டையும் பளபளக்கும் பக்கமும் கொண்டு வணிகப் பொருளாகிவிட்டது. அதில் குடும்பத்தவரின் கைக்குறிப்புக்கு இடமில்லை. கைபேசியில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களுள் வீட்டு வேலை, சமையல், விளையாட்டு என அன்றாடம் முதன்முறையாக நிறைந்து கிடக்கிறது. எனினும் கருவி பழுதாகும்போது அவையனைத்தும் ஒரே நேரத்தில் போகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் நினைவு மலர்களையும் பாடசாலை மலர்களையும் நூல்களுக்கு நிகராகச் சேகரித்து எவரும் படிக்கத் தந்திருப்பது இத்துறையில் நடந்த மிகப் பயனுள்ள பணியாகும். வீட்டு அல்பமும் றங்குப் பெட்டியும் இன்னும் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியிலேயே உள்ளன.

கறுப்புத் தாள் அல்பங்களிலுள்ள முகங்களைப் பெயர் சொல்லி அடையாளங்காட்டக்கூடிய தலைமுறை எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறது. அவர்களை அருகிருத்தி, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மையால் அன்றிப் பென்சிலால் பெயர், ஊர், தாய்வழிக் குடி, நிகழ்வு, ஆண்டு ஆகியவற்றை எழுதி, பசை அட்டையில் ஒட்டிய படங்களை அவ்வட்டையோடே பிரதியெடுத்து, ஒரு பிரதியைப் பொது நூலகமொன்றில் வைக்கும் பணியை ஊர்ப் பாடசாலைகளும் கோயில் பரிபாலன சபைகளும் இப்போதே மேற்கொள்ளவேண்டும்.